பொட்டு வைத்த வால்யூம்

பூனாவில் கட்கி பஜாரில் என்னைப் பாராட்டாத ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. அதே கேட்டுக்குள் எனக்கும் ஒரு வேலை காத்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தேன். பட்டாளத்து மேஜர் வீட்டு ரேடியோகிராமிலிருந்து, பிள்ளையார் சதுர்த்திக்குக் கணபதி வைக்கும் மண்டல்காரர்கள் தெருவில் அடுக்கும் மலை மாதிரி ஸ்பீக்கர் வரைக்கும் என் கை படாத சத்தம் அந்த வட்டாரத்தில் இல்லை. மராட்டிக்காரர்கள் என்னை 'அண்ணா' என்பார்கள். இந்திக்காரர்கள் 'உஸ்தாத்' என்பார்கள். அத்தனை வருடப் பழக்கத்தில் ஒரே ஒருத்தர் மட்டும் என் வேலையை ஒரு தடவைகூட 'நல்லா இருக்கு' என்று சொன்னதில்லை. அவரைப் பற்றித்தான் இது.

பெயரை எழுதமாட்டேன். எழுதினால் காட்பாடியிலிருந்து போன் வரும். போனில் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, ஏனென்றால் அவர் வேலை பார்த்ததே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்தான். பஜார் முழுக்க அவரை டெலிபோன் அக்கா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

அக்கா முதல்முதலாக என் கடைக்கு வந்தது கேசட் காலத்தில். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, இறுக்கிக் கட்டின கொண்டை, நெற்றியில் வட்டமாகச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. மொபெட்டின் முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஓர் ஆம்ப்ளிஃபையரைக் குழந்தையைப் போல நிற்க வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் சத்தம் வரவில்லையாம். நான் பார்த்தேன், திறந்தேன், பற்ற வைத்தேன், மூடினேன். அவ்வளவுதான், என் கை அப்படி. ஓட்டிக் காட்டுவதற்காக ஒரு பழைய தாலாட்டுப் பாட்டைப் போட்டேன்.

"இதைப் போட்டுக் காட்டாத மிஸ்திரி. இதுல எந்த டப்பாவும் நல்லாத்தான் பாடும்" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தார். சொருகினேன். பட்டனை அழுத்தினேன்.

என்ன சொல்வது! ஒரு வினாடி ஒன்றுமில்லை. அடுத்த வினாடி கடைக்குள் டின் ஷெட் சரிந்து விழுந்தது போல ஒரு சத்தம், அதன் மேல் ஒரு மனிதனின் அலறல். நான் ஒரே பாய்ச்சலில் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அக்கா என்னை நிதானமாகப் பார்த்தார். "ஏன் புடுங்கினே?"

"ஷார்ட் ஆயிடுச்சுக்கா!"

"ஷார்ட் ஆகலை. அவன் பாடறான்."

அன்றைக்கு என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. நடுவில் கதவு கிடையாது, ஒரு துணித் திரைதான். அவளுக்கு எல்லாமே கேட்கும். 'ஷார்ட் ஆகலை, அவன் பாடறான்' என்பது எங்கள் வீட்டில் வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. நான் கோபத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் அப்படித்தான் சொல்வாள்.

ராக், மெட்டல் என்று அதற்குப் பெயர் இருக்கிறது என்பதையே நான் அக்காவிடம்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதனால் ஒவ்வோர் ஆல்பத்துக்கும் அதன் அட்டைப் படம்தான் பெயர். மூணு காக்கா, நீலக் கழுதை, பச்சைப் பாம்பு, நங்கூரம். "அந்த மண்டை ஓட்டை எடுங்கக்கா" என்றால் "எந்த மண்டை ஓடு?" என்று கேட்பார். அவரிடம் ஒரு சுடுகாட்டுக்கே காணும் அளவுக்கு மண்டை ஓடுகள் இருந்தன. எல்லாவற்றையும் ரவிக்கைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். பட்டு ரவிக்கைத் துணியில் சுற்றியிருந்தால் நல்ல ரெகார்டிங். பாப்ளின் துணி என்றால் சுமார். துணியே இல்லாமல் வந்தால் அதைத் திட்டுவதற்காகவே கொண்டுவந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏங்க்கா, வீணை கேக்கலாம், புல்லாங்குழல் கேக்கலாம். எதுக்கு இந்த அடிதடி?"

"நாள் பூரா என் காதுல கரகரன்னு பூனாவும் பம்பாயும் பேசிக்கினு இருக்குது மிஸ்திரி. கத்தறவன், அழறவன், ராங் நம்பர் கேக்கறவன். வூட்டுக்கு வந்தா ஒரு சத்தமாவது முழுசா வேணும் எனக்கு."

"அதுக்குத்தான் வீணைன்னு சொல்றேன்."

"வீணையை எவன் வேணா ரெகார்டு பண்ணுவான். ஒருத்தர் உக்காந்துகினு வாசிக்கிறாரு, எதிர்ல ஒரு மைக் வெச்சா வேலை முடிஞ்சுது. இங்க நாலு பேரு வூடு பத்திக்கின மாதிரி அடிக்கிறானுங்க. அதுல நாலு பேரும் தனித்தனியா நிக்கிறது தெரியணும். இவன் இங்க, அவன் அங்க, டிரம் அடிக்கிறவன் பின்னால ரெண்டடி தள்ளி. அதான் ரெகார்டிங். இத்தனை சந்தை இரைச்சல்ல உன் பொண்டாட்டி குரலை மட்டும் நீ கண்டுபுடிக்கிறியா இல்லியா?"

"கண்டுபுடிக்காம? அது சந்தையைத் தாண்டி இல்ல கேக்குது!"

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கரண்டி சத்தம் வந்தது. அக்கா விரலைத் தூக்கினார். "பாத்தியா? இப்போ அந்தக் கரண்டி எங்க வுழுந்துச்சுன்னு உனக்குத் தெரியுது. இடது பக்கம், தரையில, அடுப்புகிட்ட. அந்த மாதிரி."

அவருடைய குணம் இதுதான். சத்தம் எங்கே பிறக்கிறது, எங்கே போய் அடங்குகிறது என்பதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவருக்குப் பொருட்டில்லை. அதில் அவர் யாருக்காகவும் பொய் சொல்லமாட்டார். மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாவில் பூசாரி ஊதுகுழல் ஸ்பீக்கரைக் கோபுரத்துக்கு மேலேயே கட்டிவிட்டார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கும்போது அக்கா நேராகப் போய்க் கேட்டார்: "பூசாரி, நம்மளை விடுங்க. அம்மன் காது இன்னாத்துக்கு ஆகறது?" என் தங்கை பெண் கல்யாணத்தில் வாழ்த்தச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அக்கா அதைத் தட்டிப் பார்த்தார், 'ஹலோ' என்றார், "இது சளி புடிச்ச மைக்" என்று சொல்லிவிட்டு மைக் இல்லாமலேயே வாழ்த்தினார். மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டது. அந்த மைக் என்னுடையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பூனாவில் பகல் ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கினால் நாலு மணிக்குத்தான் ஏறும். பஜாரே தூங்கும். அந்த நேரம்தான் எங்களுக்கு. அக்காவுக்குக் காலை ஷிப்டு முடிந்த நாளென்றால் ஷட்டரைத் தட்டி, குனிந்து உள்ளே வருவார். ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள் கொட்டுவதற்காக நான் வைத்திருந்த மணல் மூட்டைதான் அவர் ஆசனம். கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனைக்கு உட்கார்ந்தது போல அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஸ்பீக்கரில் உலகம் அழிந்துகொண்டிருக்கும். லோனாவ்ளா லோக்கல் ஸ்டேஷனுக்குள் வருகிற சத்தம் கேட்டால் கையைத் தூக்குவார், நான் நிறுத்திவிட வேண்டும். ரயில் போனதும் கை இறங்கும். நடுவில் யார் வாய் திறந்தாலும், என் மனைவி டீ வேண்டுமா என்று கேட்டால்கூட, கண்ணைத் திறக்காமல் ஒரே பதில்தான்: "லைன்ல இருங்க." பழக்கதோஷம். சொன்ன பிறகு யாராலும் மறுபடி வாய் திறக்க முடியாது. அந்தக் குரலுக்கு அப்படி ஓர் அதிகாரம்.

சி.டி. வந்த பிறகுதான் பொட்டு விஷயம் ஆரம்பித்தது.

கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, நம் ஊர்ப் பையன்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கினார்களே, அந்த நேரம். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் ஸ்பீக்கர் வாங்க வந்தான். நல்ல பையன், நல்ல காசு, கையில் பளபளவென்று ஒரு புது நங்கூரம். அதே ஆல்பத்தை மறுபடி புதிதாகச் செய்து விட்டிருந்தார்கள். அப்போது அக்கா பழைய நீலக் கழுதையும் புது நீலக் கழுதையும் கொண்டுவந்து மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இது ரீமாஸ்டருங்க. பழசெல்லாம் எதுக்குங்க? இதைப் போட்டா பழசு படுத்துக்குமுங்க" என்றான் பையன்.

"அப்படியா? மிஸ்திரி, ரெண்டு கழுதையையும் மாத்தி மாத்திப் போடு. எது எதுன்னு சொல்லாத. ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம்."

போட்டேன். புதுசு வந்ததும் பையன் துள்ளினான். "இதுதானுங்க! சும்மா அள்ளுது பாருங்க!" உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் அள்ளியது.

அக்கா எழுந்து வந்தார். கைப்பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்தார். பழைய கழுதையைப் போட்டு, வால்யூம் குமிழை மெதுவாகத் திருப்பி, ஓரிடத்தில் நிறுத்தி, அங்கே ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினார். புதுசைப் போட்டார். அதே அளவு சத்தம் வரும் இடம் எங்கேயோ கீழே இருந்தது. அங்கே ஒரு பச்சைப் பொட்டு.

"இப்போ போடு. பழசுக்குச் சிவப்பு, புதுசுக்குப் பச்சை. உயரத்தைச் சமமாக்கிட்டுத்தான் பொண்ணு மாப்பிள்ளையைப் பக்கத்துல நிக்க வெக்கணும்."

நான் போட்டேன். ஐயோ, என்ன மாயம் அது! அதுவரை அள்ளிக்கொண்டிருந்த புதுசு பொசுக்கென்று சப்பை ஆகிவிட்டது. டிரம் அடிப்பதும் பாடகன் மூச்சு விடுவதும் ஒரே உயரத்தில், ரோடு ரோலர் ஓட்டின மாதிரி. பழசில் டிரம் எழுந்து நின்றது. குச்சி தோலில் படுவது தனியாக, அது அதிர்வது தனியாக, அது போய்ச் சுவரில் மோதுவது தனியாகக் கேட்டது. எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கி, சும்மா சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் எங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். முப்பது வருடம் சத்தத்தை விற்ற என்னையே!

"இப்போ எது?" என்றார் அக்கா.

பையன் தலையைச் சொறிந்தான். "பழசுல நெறைய கேக்குதுங்க. ஆனா எனக்கு அந்தப் புதுசுதானுங்க புடிச்சிருக்கு. பைக்ல போற மாதிரி இருக்குதுங்க."

அக்கா அவனைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறார், வந்த கிராக்கி ஓடப்போகிறது என்று நினைத்தேன். அக்கா சிரித்துவிட்டார். "புடிச்சா கேளு கண்ணு, யார் வேணாங்கறா? நல்ல ரெகார்டிங்னு மட்டும் எங்கேயும் போய்ச் சொல்லிடாத." பையன் ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டுதான் போனான்.

அன்றிலிருந்து என் ஆம்ப்ளிஃபையர் குமிழைச் சுற்றிலும் பொட்டு. பார்ப்பவர்கள் ஏதோ ஆயுத பூஜைக்கு வைத்தது என்று நினைப்பார்கள். ஒரு மராட்டிக் கிழவி குமிழைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே போனாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கணபதி மண்டலுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டுத்தான் நான் வீடு கட்டினேன். ஆனால் என் மனதில் வேறொன்று இருந்தது. வீட்டில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி, வெளிநாட்டுப் பெட்டி வெட்கப்படுகிற மாதிரி, சொந்தமாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்து, என் பெயரை வைத்து விற்கவேண்டும். மரப்பலகையை இரட்டைச் சுவராக ஒட்டி, நடுவில் சலித்த மணலைக் கொட்டி, செப்புக் கம்பிச் சுருளை நானே கையால் சுற்றி, ஒரு ஜோடி செய்தேன். இரண்டு பேர் சேர்ந்துதான் ஒன்றைத் தூக்க முடியும். என் பெயர் போட்டுப் பெரிய போர்டும் எழுதி வாங்கிவிட்டேன். எழுதினதைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தேன். அக்கா வாயால் 'நல்லா இருக்கு' என்று வரட்டும், அன்றைக்கு மாட்டுகிறேன் என்று.

இதை மனதோடு வைத்துக்கொண்டிருக்கலாம். என் வாய் இருக்கிறதே! எதிரில் சாயா கடை வைத்திருந்த மராட்டிக்காரன் தினமும் கேட்பான்: "க்யா அண்ணா, போர்ட் கப் லகேகா?" எப்போது மாட்டப்போகிறாய், எப்போது மாட்டப்போகிறாய் என்று ஊர் முழுக்க அதே கேள்வி. ஒரு நாள் நான் மீசையை முறுக்கிக்கொண்டு, கடை நிறைய ஆள் இருக்கும்போது சபதம் போட்டுவிட்டேன். கணபதி உட்காருவதற்கு முன்னால் டெலிபோன் அக்கா 'நல்லா இருக்கு' என்று சொல்லாவிட்டால் இந்த மீசையை எடுத்துவிடுகிறேன் என்று. என் மீசையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: அது பட்டாளத்து மீசை. கன்டோன்மென்டில் சுபேதார்களே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். சாயாக்காரன் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். "சல், டீல் பக்கா!" என்று கையில் அடித்தான்.

அக்கா மதியம் மதியம் வந்தார். மூணு காக்காவைப் போட்டேன். "வலது பக்கம் பெட்டி குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்குது, ஈரம். மணல் காயலை." மணலை வெயிலில் காய வைத்துக் கொட்டினேன். பச்சைப் பாம்பைப் போட்டேன். "தாளத் தட்டு இன்னும் தகரம்." செப்புச் சுருளைப் பிரித்து மறுபடி சுற்றினேன். மண்டை ஓடு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். "ம்" என்றார் ஒரு நாள். நான் மீசையைத் தடவினேன். "ம்னா இன்னாக்கா?" "ம்னா ம்." அதற்கு மேல் நகரவில்லை. தெருவில் கணபதிப் பந்தலுக்கு மூங்கில் நட ஆரம்பித்துவிட்டார்கள். சாயாக்காரன் எனக்கு டீ கொடுக்கும்போதெல்லாம் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக் காட்டினான்.

"பெட்டியில தப்பா, பாட்டுல தப்பான்னே தெரியலை மிஸ்திரி" என்றார் அக்கா. "நம்மகிட்ட இருக்கற நங்கூரத்தைப் போட்டா பெட்டியைப் பத்தித் தீர்ப்பு சொல்ல முடியாது. அது நடுவுல வந்த பதிப்பு. நாலாவது பாட்டுக்கும் அஞ்சாவது பாட்டுக்கும் நடுவுல ஒரு மௌனம் வருது பாரு, அது மௌனமே இல்லை. கத்திரியால வெட்டி, காலித் துணி வெச்சுத் தெச்சிருக்கானுங்க. முதல்ல வந்த நங்கூரம் வேணும்."

அந்த ஆல்பம் அவருக்கு மூச்சு மாதிரி மனப்பாடம். எந்த இடத்தில் யார் கையைத் தூக்குகிறான் என்பது வரைக்கும் சொல்வார். முதல் பதிப்புக்காக, பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில் பழைய டயர் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டு, பையில் எடுத்துப் போகும் சின்ன பிளேயரில் ஒவ்வொரு சி.டி.யாகப் போட்டுக் கேட்பார். ஆணியும் பழைய பூட்டும் விற்கிறவர்கள், புடவை கட்டின ஒரு அம்மா காதில் ஹெட்போனோடு தவம் செய்வதைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். கிடைக்கவில்லை.

கிடைத்தது ஒரு வெள்ளைக்காரனிடம். பூனா ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது சாமானையெல்லாம் ரோட்டோரம் பெட்ஷீட்டில் பரப்பி விற்பார்கள். கணபதி உட்காருவதற்கு முந்தின நாள், ஷட்டர் இறங்கின நேரத்தில், அக்கா மொபெட்டைப் படுக்கப் போட்டுவிட்டு உள்ளே குனிந்து வந்தார். வேர்த்துக் கொட்டியது. மார்போடு அணைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினார். கல்யாணப் பட்டு ரவிக்கைத் துணி. உள்ளே நங்கூரம், அட்டை மூலையெல்லாம் நைந்து.

"எவ்வளவு கேட்டான்க்கா?"

"காசு வேணாம்னுட்டான். என் டிபன் கேரியரைத்தான் கேட்டான்."

"குடுத்துட்டீங்களா?"

"புளியோதரையோட. நான் நங்கூரத்தைப் பார்த்த மாதிரி அவன் புளியோதரையைப் பார்க்கறான், இன்னா செய்ய?"

என் மனைவி அவருக்குச் சோறு போட வந்தாள். "அப்புறம்" என்று கை காட்டிவிட்டார். மனைவி, வெயில் தாழ்வதற்குள் பூ வாங்கிவருகிறேன் என்று பின்பக்கமாகப் போய்விட்டாள். அக்கா பொட்டு வைத்து உயரம் பார்த்தார். மூட்டை மேல் உட்கார்ந்தார், கண்ணை மூடினார். நான் பட்டனை அழுத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மீசைக்கும் எனக்கும் அதுதான் கடைசி மதியம்.

முதல் பாட்டு. நான் செய்த பெட்டி நான் செய்தது போலவே இல்லை. கடைச் சுவர் இரண்டு ஆள் தூரம் பின்னால் போய்விட்டது. இரண்டாவது, மூன்றாவது. அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது பாட்டு முடிந்து, தாளத் தட்டின் கடைசி அதிர்வு நூலாக இழைந்து இழைந்து போய் அடங்கியது. மௌனம்.

'கிறீச்'.

அக்கா சட்டென்று கண்ணைத் திறந்து, இடது தோளுக்குப் பின்னால் முழு உடம்போடு திரும்பி, கையைத் தூக்கிச் சொன்னார்: "லைன்ல இருங்க!"

அங்கே யாரும் இல்லை.

ஐந்தாவது பாட்டு தொம்மென்று இறங்கியது. அக்கா சுவரைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிறுத்தினேன்.

"யாரு வந்தது?"

"யாருமே வரலையேக்கா."

"யாரோ ஸ்டூலை இழுத்து உக்காந்தாங்க. என் காதால கேட்டேன்."

"என் கடையில ஸ்டூலே கிடையாதுக்கா. நீங்களே மூட்டை மேலதான உக்காந்திருக்கீங்க."

"அப்போ கதவு."

"கதவு ஏதுக்கா? ஷட்டரும் திரையும்தான்!"

ஓட்டிப் பின்னால் கொண்டுபோனேன். நாலாவது பாட்டு, தட்டு அடங்குகிறது, மௌனம், 'கிறீச்'. மறுபடி பின்னால். 'கிறீச்'. டிரம் அடிக்கிறவன் அடுத்த பாட்டுக்குத் தயாராக ஸ்டூலில் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறான்! எந்த ஊரோ, எந்த வருடமோ, அவன் நகர்ந்த ஸ்டூலை நடுவில் வந்த பதிப்புக்காரர்கள் அழுக்கு என்று துடைத்து எறிந்துவிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது என்று அக்காவுக்கு மனப்பாடம். அதனால்தான் அது கடைக்குள் வந்த ஆள் என்று நம்பிவிட்டார். யார் காதை ஏமாற்றியிருக்கிறது? டெலிபோன் அக்கா காதை! என் மணல் பெட்டி!

நான் ஆட ஆரம்பித்துவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடினேன். அக்கா வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, மூட்டையே குலுங்கும்படி சிரித்தார். "டிரம்காரனைப் போய் லைன்ல இருக்கச் சொல்லிட்டேனே மிஸ்திரி! வேலைக்குத் தயாரா உக்கார்றான், அவனைப் போய்!" சிரிப்பு அடங்கினால் நான் மறுபடி பட்டனை அழுத்துவேன். 'கிறீச்'. மறுபடி இரண்டு பேரும். பூ வாங்கப் போன மனைவி திரும்பி வந்து திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாங்கடா இது, ரெண்டுத்துக்கும் ஷார்ட் ஆயிடுச்சு" என்றாள்.

நாலு மணிக்கு ஷட்டர் ஏறியது. சாயாக்காரன் டீயோடு நின்றான். பின்னாலேயே பாதி பஜார். நான் சாக்கைப் பிரித்து போர்டைத் தூக்கிக்கொண்டேன். சாயாக்காரன் என்னைப் பார்க்கவே இல்லை. யாரிடம் கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

"அக்கா, சச் போலோ. அச்சா ஹை போலா க்யா?"

நல்லா இருக்கு என்று சொன்னீர்களா என்று கேட்கிறான். அக்கா டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"நஹி போலா."

"அக்கா!" என்று கத்தினேன். "திரும்பிப் பார்த்தீங்களே! 'லைன்ல இருங்க'ன்னீங்களே!"

"திரும்பினேன். யாரு இல்லேன்னா? ஆனா சொல்லலையே மிஸ்திரி. நீ பந்தயம் கட்டினது சொல்றதுக்குத்தான?"

தெருவே கைதட்டியது. சாயாக்காரன் என் தோளில் கையைப் போட்டு அப்படியே பார்பர் கடைக்கு நடத்திக்கொண்டு போனான். போகிற போக்கில் திரும்பிப் பார்த்தேன். அக்கா குமிழிலிருந்து பழைய சிவப்பு, பச்சைப் பொட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். கைப்பையைத் திறக்கவில்லை. நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய், அங்கிருந்த பொட்டை எடுத்து, நங்கூரம் ஓடின அளவில் குமிழுக்கு மேல் அழுத்தி ஒட்டினார்.

நாற்காலியில் உட்கார்ந்து சோப்பு நுரையோடு சிரித்துக்கொண்டே இருந்தேன். "ஹிலோ மத் அண்ணா, கட்டாயிடும்" என்று, ஆடாமல் உட்காரச் சொல்லிப் பார்பர் அதட்டினான். மீசை போனது. மறுநாள் தோல்-தாஷா மேளங்கள் முழங்க கணபதி தெருவுக்குள் வந்தபோது, என் கடை நெற்றியில் என் பெயர் போட்ட போர்டு இருந்தது. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் மொட்டை உதட்டைப் பார்த்தார். ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்தார்.

"இப்போதான் உன் மூஞ்சி அமுக்காம பதிவாயிருக்குது" என்றார்.

அதற்கப்புறம் அந்த ஸ்பீக்கரில் எத்தனையோ ஜோடி செய்துவிட்டேன். கோந்த்வாவில் புதுக் கட்டடங்களில், கராடியில் கம்பெனிக்காரர்கள் வீட்டில், எங்கே வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், என் மணல் பெட்டி இருக்கும். அக்கா பென்ஷன் வாங்கிக்கொண்டு காட்பாடிக்கு, தங்கை வீட்டுக்குப் போனார். நங்கூரத்தை அந்தக் கல்யாணப் பட்டுத் துணியோடு என் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார். மாதத்துக்கு ஒரு தரம் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"பொட்டு இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"திருப்பிடலையே?"

"இல்லக்கா."

இன்றைக்கும் யாராவது ஸ்பீக்கர் வாங்க வந்தால் விலை சொல்லமாட்டேன். ஒரு மணிக்கு வரச் சொல்வேன். ஷட்டரை இறக்கி, மணல் மூட்டை மேல் உட்கார வைத்து, நாலாவது பாட்டைப் போடுவேன். தாளத் தட்டு அடங்கும், மௌனம் வரும். நான் பாட்டைக் கேட்பதில்லை, ஆளின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இடது பக்கம் திரும்பினால் பெட்டியைக் கட்டிக் கொடுப்பேன். திரும்பாதவருக்கு, எவ்வளவு கொடுத்தாலும், என் ஸ்பீக்கர் கிடையாது. கணபதிக்கு வாடகைக்கு விடுகிறதை எடுத்துக்கொண்டு போகச் சொல்வேன்.